குடும்பக் கட்டுப்பாடு வாசல்வரை வந்த கதை

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் திருவெள்ளறை என்னும் ஊர் வரும். வெண்ணிறப் பாறைமீது அமைந்த பெருமாள் கோயிலால் புகழ் பெற்ற ஊர் இது. அக்கோயிலை ஒட்டி ஒரு பெரிய கிணறு உள்ளது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் என்பவன் அதை வெட்டுவித்தான். மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று கல்வெட்டு அதற்குப் பெயர் கூறுகிறது. நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்கி, ஒவ்வொரு வரிசையும் ஒருமுறை மடங்கித் தண்ணீரை அடைகின்றது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம் தெரியும். ஒரு துறையில் இறங்கி நிற்பவரை மற்றொரு துறையில் நிற்பவர் காண முடியாது. இதனால் ஊரார் இதனை ‘மாமியார் மருமகள் குளம்’ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்தக் கிணற்றை அமைத்தவர்கள் இரண்டு உண்மைகளை அறிந்திருந்தனர். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது; இறங்கிச் செல்லப் படி வேண்டும் என்பது ஒன்று. எல்லோரையும் ஒரே படியில் நெருக்கித் தள்ளாமல், அவரவர்க்கு ஏற்ற வழியில், பிறர் பார்வை படாமல் இறங்க வசதி வேண்டும் என்பது மற்றொன்று.

குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாற்றையும் இந்த இரண்டு உண்மைகளைக் கொண்டே அளந்து பார்க்கலாம். கருத்தடை பற்றிய அறிவு உலகில் இருந்தது. அது சிற்றூர்ப் பெண்ணின் கைக்கு எட்டும் படி எப்போது கட்டப்பட்டது? எத்தனை படிகள் கட்டப்பட்டன? அவற்றுள் எவை இடிந்து போயின? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

பிறந்தது எட்டு, தங்கியது ஐந்து

உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த பாட்டி ஒருவர் இருந்தால், அவருடைய தாய்க்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டுப் பாருங்கள். ‘பிறந்தது எட்டு, தங்கியது ஐந்து’ என்பது போன்ற விடை கிடைக்கும். ‘தங்கியது’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பிறக்கும் குழந்தைகளில் சில போய்விடும் என்பதை அக்காலத்துக் குடும்பங்கள் இயல்பாகவே ஏற்றுக்கொண்டிருந்தன.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்தியாவின் மக்கள்தொகை 36 கோடி. ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் அப்போது சுமார் 32 ஆண்டுகளே. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஆறு குழந்தைகள் பெற்றாள். காலராவும் பெரியம்மையும் மலேரியாவும் ஒருபுறம் வாரிச் சென்றதால், பிறப்பு மிகுதியாக இருந்தும் நெடுங்காலம் மக்கள்தொகை மெதுவாகவே வளர்ந்தது.

பின்னர் அம்மைப்பால் பரவியது. கொசுவை ஒழிக்க டிடிடி தெளிக்கப்பட்டது. பென்சிலின் வந்தது. இறப்பு வேகமாகக் குறைந்தது. பிறப்பு அதே வேகத்தில் குறையவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடுதான் மக்கள்தொகைப் பெருக்கம். ஒரு தொட்டியில் நீர் வரும் குழாயைத் திறந்தபடி விட்டு, வெளியேறும் குழாயை மட்டும் மூடினால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேலாகப் படிப்படியாக நிகழ்ந்த மாற்றம் இங்கே ஒரு தலைமுறைக்குள் வந்து சேர்ந்தது.

பேசக் கூடாத பேச்சு

மக்கள்தொகை உணவு உற்பத்தியை மிஞ்சிவிடும் என்று இங்கிலாந்துப் பாதிரியார் மால்தஸ் 1798இல் எழுதினார். ஆனால் கருத்தடை முறைகளை அவர் ஏற்கவில்லை. அவற்றை வெளிப்படையாகப் பேசுவதே நெடுங்காலம் குற்றமாகக் கருதப்பட்டது. 1877இல் லண்டன் நகரில் ஒரு வழக்கு நடந்தது. சார்லஸ் நோல்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய சிறு நூலை மறுபதிப்புச் செய்தமைக்காக இருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஒருவர் சார்லஸ் பிராட்லா. மற்றவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் பிரம்ம ஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையார்தான்! தண்டனை மேல் முறையீட்டில் நீங்கியது. வழக்கின் புகழால் அந்நூல் ஒரு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. பிரம்ம ஞானத்தில் ஈடுபட்ட பின் பெசன்ட் அம்மையார் இந்த இயக்கத்திலிருந்து விலகிக்கொண்டார் என்பதும் வரலாறு.

இந்தியாவில் முதல் அடி எடுத்து வைத்தவர்களுள் ரகுநாத் தோண்டோ கார்வே குறிப்பிடத்தக்கவர். பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1921இல் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதன் விளைவாகத் தம் கல்லூரி வேலையையே இழக்க நேர்ந்தது. 1920களின் இறுதியில் சென்னையில் நியோ மால்தூசியன் சங்கம் தோன்றியது. உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த வேப்பா ராமேசம் அதில் முன்னின்றார். 1930இல் மைசூர் சமஸ்தானம் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. ஓர் அரசே இப்பணியை மேற்கொண்டது உலகில் அதுவே முதன்முறை என்பர்.

அதே காலத்தில் தமிழகத்தில் வேறொரு குரலும் எழுந்தது. பெரியார் ஈ.வெ.ரா. தம் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணங்களாகக் காட்டினர். அவரோ, பெண் தன் விருப்பப்படி சுதந்திரமாக வாழ்வதற்குக் கர்ப்பத்தடை தேவை என்று வாதிட்டார். இந்த வேறுபாடு சிறியதன்று. நாட்டின் தேவை முதன்மை என்றால் எத்தனை குழந்தை என்பதை நாடு தீர்மானிக்கலாம். பெண்ணின் விருப்பம் முதன்மை என்றால் அதைத் தீர்மானிப்பவள் அவளே. பிற்கால வரலாறு முழுவதிலும் இந்த இரண்டு எண்ணங்களும் மோதிக்கொண்டே வந்தன.

1935 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். பெண்கள் அளவுக்கு மீறிய பேறுகளால் துன்புறுகின்றனர் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் புலனடக்கம் ஒன்றே வழி என்றார் காந்தியடிகள். எல்லோராலும் அது இயலாது, கருவிகள் வேண்டும் என்றார் சாங்கர்.

முதலில் பேறுகாலம் பாதுகாப்பாகட்டும்

கருத்தடை பற்றிய வாதங்கள் நகரங்களில் நடந்துகொண்டிருந்தபோது, சிற்றூர்களுக்கு வேறொரு படி கட்டப்பட்டது. 1937இல் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறையை ஏற்றவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். இவர் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். திருச்சியில் மருத்துவத் தொழில் புரிந்தவர். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இத்தகைய முழுமையான சட்டம் வேறெந்த மாகாணத்திலும் அதற்கு முன் இருந்ததில்லை. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றுடன் தாய்சேய் நலத்தையும் உள்ளாட்சி மன்றங்களின் கடமைகளுள் ஒன்றாக அது வைத்தது.

இதற்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. பெற்ற குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் ‘இது போதும்’ என்று தாய் சொல்வாள். மேலும், கருத்தடையை ஏற்க வேண்டுமானால் நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பேறு பார்க்க வந்த தாதியின் சொல்லைக் கேட்பதைப்போல் முன்பின் அறியாத அதிகாரியின் சொல்லை யாரும் கேட்பதில்லை.

பாசிமணியும் முப்பது ரூபாயும்

1952ஆம் ஆண்டு உலக வரலாற்றில் ஒரு மைல்கல். குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் தேசியத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கு 65 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. முந்திய ஆண்டுகளிலேயே இதற்காக உழைத்தவர்களுள் தன்வந்தி ராமராவ் அம்மையார் முதன்மையானவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராணி மேரி கல்லூரியில் பணியாற்றிய இவர், 1949இல் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினார்.

தொடக்கத்தில் அரசு எந்த முறையைப் பரிந்துரைத்தது தெரியுமா? கருவி எதுவும் தேவைப்படாத ‘பாதுகாப்பான நாள்’ முறையைத்தான். மாதவிலக்குச் சுழற்சியில் கருமுட்டை வெளிப்படும் நாள்களைத் தவிர்ப்பதே இம்முறை. மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் டில்லியின் லோதி குடியிருப்பிலும் இது சோதிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு நிறமணிகள் கோத்த மாலை தரப்பட்டது. நாளுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். பச்சை மணி வந்தால் அச்சமில்லை; சிவப்பு வந்தால் விலகி இருக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் சுழற்சி எல்லாப் பெண்களுக்கும் ஒரே சீராக வருவதில்லை. அப்படியே வந்தாலும், சிவப்பு மணியைக் காட்டிக் கணவனை விலகி இருக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா? முறை ஏட்டில் சரியாக இருந்தது, வீட்டில் தோற்றது.

1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. மூன்றோ அதற்கு மேலோ குழந்தைகளைப் பெற்று, அவற்றுள் ஒன்றேனும் உயிருடன் இருக்கும் தாய் மீண்டும் பெறுவதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று அவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். பெண்ணுக்கு வேறு வழி காட்டப்படாத காலத்தில் பழியை அவள் தாய்மைமீது சுமத்திய சொல் அது என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநில அரசின் உயர்பதவியில் இருந்தபோது ஆடவர்களை நோக்கித் திரும்பினார். 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் ஆண்களுக்கான கருத்தடை அறுவையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யத் தொடங்கியது. அறுவை செய்துகொண்டவருக்கு வேலை இழப்புக்கு ஈடாக 30 ரூபாய் தந்தது. அவரை அழைத்து வருபவருக்கும் ஒரு சிறு தொகை உண்டு. முன்பே அறுவை செய்துகொண்டவர்களே பலர் இவ்வாறு அழைத்து வருபவர்களாக ஆயினர்.

வாசக்டமி என்பது என்ன?

இந்த இடத்தில் சற்று நின்று, அந்த அறுவையைப் பற்றி அறிந்துகொள்வோம். விரைகளில் இரண்டு பணிகள் நடைபெறுகின்றன. விந்தணுக்கள் உண்டாவது ஒன்று. ஆண்மைக்குரிய ஹார்மோன் சுரப்பது மற்றொன்று. விந்தணுக்கள் விந்துக் குழாய் வழியே வெளியேறுகின்றன. ஹார்மோன் அந்தக் குழாய் வழியே செல்வதில்லை. நேரே இரத்தத்தில் கலக்கிறது. வாசக்டமியில் விந்துக் குழாய் மட்டுமே துண்டிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. ஆகவே மீசை உதிராது, குரல் மாறாது, இன்ப உணர்வு குறையாது. விந்து நீரின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் அதன் அளவிலும் வேறுபாடு தெரியாது.

அந்த இடம் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு, அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அன்றே வீட்டுக்குச் செல்லலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். குழாயின் மேற்பகுதியில் முன்பே தங்கிய விந்தணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை உறை போன்ற வேறு பாதுகாப்பு தேவை. இதைச் சொல்லாமல் அனுப்பியதால் மனைவி கருவுற்று, குடும்பத்தில் வீண் சந்தேகம் விளைவதுண்டு.

பெண்ணுக்கான அறுவை இவ்வளவு எளிதன்று. கருக்குழாய்கள் வயிற்றுக்குள் இருக்கின்றன. அவற்றை அடைய வயிற்றைத் திறக்க வேண்டும், அல்லது துளையிட்டுக் கருவி செலுத்த வேண்டும். அறிவியல் நோக்கில் ஆண் அறுவையே எளிது, ஆபத்தும் குறைவு. இருந்தும் ‘அறுவை செய்துகொண்டால் ஏர் பிடிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது’ என்ற வதந்தி ஊர்தோறும் உலவியது. அதனையும் மீறி 1960களில் தமிழகத்தில் ஏராளமான ஆடவர் முன்வந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆத்தூரும் பெட்டிக்கடையும்

திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையார் வளர்த்த நிறுவனங்கள், இதே காலத்தில் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முயற்சியை மேற்கொண்டன. அங்கே சுகாதாரப் பணியாளர்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் முதலில் பேசினர். தாய்சேய் நலம், தூய்மை, கருத்தடை ஆகிய மூன்றையும் சேர்த்தே எடுத்துச் சென்றனர். 1959இல் ஆயிரம் பேருக்கு 43 என்ற அளவில் இருந்த பிறப்பு விகிதம், பத்தாண்டுக்குள் 30க்குக் கீழ் இறங்கியது. நம்பிக்கையை முதலில் வளர்த்தால் கருத்தடையைக் கேட்டு மக்களே வருவர் என்பதற்கு ஆத்தூர் சான்றாயிற்று.

1965இல் ‘லூப்’ வந்தது. பிளாஸ்டிக்கால் ஆன இந்தச் சிறு வளையத்தைக் கருப்பையில் பொருத்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் கரு தங்காது; வேண்டும்போது எடுத்துவிடலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் இதை ஏற்றனர். பின்னர் எண்ணிக்கை சரிந்தது. காரணம் என்ன? சிலருக்கு மிகுதியான உதிரப்போக்கும் வலியும் ஏற்பட்டன. இவை வரக்கூடும் என்று முன்னதாகச் சொல்லவோ, வந்தபின் கவனிக்கவோ போதிய பெண் மருத்துவர்கள் சிற்றூர்களில் இல்லை. துன்புற்ற ஒரு பெண்ணின் அனுபவம் பத்து விளம்பரங்களைவிட வலிமை வாய்ந்தது அல்லவா?

1968இல் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. ‘நிரோத்’ உறை மூன்று 15 பைசாவுக்கு விற்பனைக்கு வந்தது. தேயிலை, சோப்பு, சிகரெட் விற்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் வண்டிகளிலேயே இதையும் ஏற்றிச் சென்றன. மருத்துவரைத் தேடிப் போகாமல் பெட்டிக்கடையிலேயே வாங்கும் நிலை உண்டாயிற்று. தலைகீழான சிவப்பு முக்கோணமும், சிரிக்கும் தாய், தந்தை, இரு குழந்தைகளின் முகங்களும் பேருந்துகளிலும் சுவர்களிலும் இடம் பெற்றன. ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்ற தொடர் வானொலியிலும் திரைப்பட அரங்கிலும் ஒலித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் முக்கோணத்தைக் கண்டால் பொருள் உணர்ந்தனர்.

எண்ணிக்கை எசமானனானபோது

1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் திருவிழாப்போல் நடந்த ஒரு முகாமில், ஒரே மாதத்தில் 63,000க்கு மேற்பட்டோருக்கு அறுவை நடந்தது. இந்த எண் டில்லியில் பலரை மயக்கியது. எத்தனை அறுவை என்பதே வெற்றியின் அளவுகோல் ஆயிற்று. மாவட்டத்துக்கு இவ்வளவு, வட்டத்துக்கு இவ்வளவு, பணியாளருக்கு இவ்வளவு என்று இலக்குகள் இறங்கி வந்தன.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இலக்குகள் கட்டாயமாக மாறின. வட மாநிலங்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஆள் பிடித்துத் தராவிட்டால் சம்பளம் நிறுத்தப்பட்டது. அரியானாவின் உட்டாவர் என்ற ஊரைப் போலீசார் சூழ்ந்து, ஆண்களை அறுவைக்குக் கொண்டு சென்றனர். 1976–77இல் மட்டும் நாட்டில் 82 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் 60 லட்சத்துக்கு மேற்பட்டவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. 1977 தேர்தலில் மக்கள் தங்கள் தீர்ப்பை வழங்கினர். 1977–78இல் அறுவைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தது. துறையின் பெயரே ‘குடும்ப நலம்’ என மாற்றப்பட்டது.

இதில் நிலைத்த இழப்பு ஒன்று உண்டு. வாசக்டமி என்ற எளிய அறுவை, கட்டாயத்தின் சின்னமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அதன்பின் அது எழுந்திருக்கவே இல்லை. அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் ஆண்களை நெருங்க அஞ்சினர். சுமை முழுவதும் பெண்ணின் தோளுக்கு மாறியது. கட்டாயம் நன்மைக்கான குறுக்குவழி என்று எண்ணுவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. அது ஒரு நல்ல படியையே இடித்துவிட்டது.

தமிழகத்தின் இறங்குமுகம்

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள விகிதம் என்பர். அது 2.1 ஆக இருந்தால் மக்கள்தொகை காலப்போக்கில் நிலைபெறும். தாய் தந்தை இருவருக்கு ஈடாக இருவர் போதாதா, ஏன் 2.1 என்று கேட்கலாம். சில குழந்தைகள் வளருமுன் இறந்துவிடுகின்றன. ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறக்கின்றன. அந்தக் குறையை ஈடுசெய்யவே இந்தச் சிறு கூடுதல்.

1971இல் தமிழகத்தில் இந்த விகிதம் 3.9, இந்தியாவில் 5.2. 1991இல் தமிழகம் 2.2ஐ எட்டியது. 2020இல் அது 1.4, இந்தியாவுக்கு 2.0. இந்த இறக்கம் சட்டத்தினாலோ தண்டனையினாலோ வரவில்லை. பின் எதனால் வந்தது?

முதலில் குழந்தைகள் பிழைத்தன. 1971இல் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஓராண்டு நிறையுமுன் இறந்தன, 2020இல் 13. அடுத்து, பெண்கள் பள்ளிக்குச் சென்றனர். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளைப் பள்ளியில் நிறுத்தியது. பெண்ணின் திருமண வயதைச் சட்டம் 1978இல் 18 ஆக்கியது. படிப்பு அதை நடைமுறையில் உயர்த்தியது. பேருந்து, வானொலி, திரைப்படம் ஆகியவை சிறு குடும்பம் என்ற எண்ணத்தைக் குக்கிராமம்வரை கொண்டு சென்றன.

இவை விருப்பத்தை உண்டாக்கின. அந்த விருப்பத்துக்குக் கை கொடுத்தவர் கிராம சுகாதார செவிலியர். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே ஒரு செவிலியர். எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். டி.எஸ்.எஸ். ராஜன் காலத்துச் சட்டம் விதைத்தது, இந்தச் செவிலியரின் வடிவில் வாசல்வரை வந்து சேர்ந்தது எனலாம்.

1995இல் தமிழகமும் கேரளமும் கருத்தடை முறைவாரி இலக்குகளைக் கைவிட்டன. மறு ஆண்டு நாடு முழுவதும் அவை நீக்கப்பட்டன. இலக்கு நீங்கிய பின்னும் தமிழகத்தின் பிறப்பு விகிதம் ஏறிவிடவில்லை. மக்கள் தங்கள் தேவைக்காகவே வந்துகொண்டிருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

ஒரே ஒரு துறை

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று சொல்ல முடியுமா? 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையை நம்பியிருக்கும் தம்பதியரோ ஆயிரத்துக்கு ஒருவர்! மாத்திரை, உறை, காப்பர் டி ஆகிய எல்லாம் சேர்ந்தும் சிறு பங்கே.

இதற்கு ஒரு காரணம் மருத்துவமனைப் பேறு. பிள்ளை பெற்ற சில நாள்களுக்குக் கருப்பை மேலே உயர்ந்திருப்பதால், கருக்குழாய்களைத் தொப்புளுக்கருகில் சிறு கீறல் வழியாகவே எட்டிவிடலாம். இரண்டாவது பேற்றுக்கு வந்தவளிடம் ‘அப்படியே செய்துவிடலாம்’ என்று சொல்வது எல்லோருக்கும் வசதி. பலருக்கு அதுவே விருப்பமாகவும் இருக்கலாம். ஆனால் முப்பது வயது நிறையுமுன், பேற்றுவலியின் களைப்பில், வேறு முறைகளைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் எடுக்கும் முடிவைத் தேர்வு என்று கூறுவது எப்படி? திருமணமானவுடன் இரண்டு ஆண்டு பொறுக்க விரும்பும் பெண்ணுக்கும், முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி வேண்டும் பெண்ணுக்கும் அறுவை பயன்படாது.

அவர்களுக்கான முறைகள் இன்று உள்ளன. காப்பர் டி வெளியிடும் செம்பு, விந்தணுக்களைச் செயலற்றவை ஆக்குகிறது. லக்னோ ஆய்வுக்கூடத்தில் உருவான சென்ட்குரோமன் மாத்திரை 1991இல் ‘சகேலி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஹார்மோன் கலவாத இதனை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உண்டால் போதும். 2017 முதல் இதே மாத்திரை ‘சாயா’ என்ற பெயரிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ‘அந்தரா’ என்ற பெயரிலும் அரசு நிலையங்களில் இலவசமாக அறிமுகமாயின. 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் வகுத்த, கத்தியில்லா வாசக்டமியும் நம் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. இவற்றைப் பற்றிய செய்திதான் இன்னும் எல்லா வீடுகளையும் எட்டவில்லை.

முகாம்களில் அவசரமாக நடந்த அறுவைகள் உயிரையே பறித்ததும் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் நடந்த முகாம்களை அடுத்துப் பதின்மூன்று பெண்கள் இறந்தனர். 2016இல் உச்சநீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் கைவிடும்படி ஆணையிட்டது. அறுவைக்கு முன் விளக்கம் பெறுவது ஒரு சலுகை அன்று, உரிமை.

இப்போது காற்று வேறு திசையில் வீசுகிறது. தமிழகத்தில் குழந்தைகள் குறைந்து முதியோர் பெருகுகின்றனர். ‘அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்ற குரல்களும் அண்மை ஆண்டுகளில் மேடைகளில் எழுகின்றன. ஒரு காலத்தில் ‘பெறாதே’ என்று பெண்ணுக்கு ஆணையிட்ட நாடு, இப்போது ‘பெறு’ என்று ஆணையிடத் தொடங்கினால், நாம் எழுபது ஆண்டு அனுபவத்திலிருந்து எதையும் கற்கவில்லை என்றே பொருள். குழந்தை வேண்டுவோர்க்குக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையும், வேலைக்குச் செல்லும் தாய்க்குக் குழந்தைக் காப்பகமும், போதும் என்போர்க்குக் கருத்தடையும் கிடைக்கட்டும். முடிவு அவர்களுடையது.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை வகைக் கருத்தடை முறைகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று அங்குள்ள செவிலியரிடம் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள். பின்னர் உங்கள் தெருவில் உள்ள பெரியவர்களிடம், அவற்றுள் எத்தனை முறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.